பூங்குழலிக்கு யாரைப் போடுவது?

பொன்னியின் செல்வனைப் படமாக எடுத்தால் வந்தியத்தேவன் யார், நந்தினி யார் என்கிற விளையாட்டு நம் வாசகப் பரப்பில் மூன்று தலைமுறையாக நடந்துவருகிறது. டீக்கடையில், கல்யாணப் பந்தியில், சிறுபத்திரிகைக் கூட்டம் முடிந்தபின் லாட்ஜ் அறையில். (கடைசியாகச் சொன்னதை நாம் வெளியே ஒத்துக்கொள்வதில்லை.) 2022 செப்டம்பர் 30இலும் 2023 ஏப்ரல் 28இலும் மணிரத்னத்தின் இரண்டு பாகங்களும் வந்துபோன பிறகு விளையாட்டு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 'கார்த்தி சரி, ஆனா கரிகாலனுக்கு...' என்று மறுபடி ஆரம்பிக்கிறார்கள். இதை வெறும் ரசிக மனோபாவம் என்று தள்ளிவிட எனக்கு இஷ்டமில்லை. ஒரு சமூகம் தன் கடந்த காலத்தைச் சுமக்க எந்தெந்த உடல்களுக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறதோ, அது இந்தப் பட்டியல்களில்தான் கூச்சமில்லாமல் வெளியே வருகிறது.

1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடர் தொடங்கியபோதே முதல் தேர்வு நடந்துவிட்டது. அதைச் செய்தவர் ஓவியர் மணியம். குந்தவையின் கொண்டையும் நந்தினியின் கண்களும் அவர் கோட்டில் உருவானவை. பின்னால் வாசகர்கள் நடிகர் தேடியதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சித்திரங்களுக்குத்தான். கல்கியின் வாக்கியங்களுக்கு அல்ல.

இரண்டாவது தேர்வு இன்னும் சுவாரசியமானது. 1958இல் எம்.ஜி.ஆர். இந்த நாவலைப் படமாக்குவதாக அறிவித்தார். வைஜெயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, ஜெமினி கணேசன் என்று நட்சத்திரப் பட்டியல். நாயகன் அவரே. படம் வரவில்லை. ஆனால் அதே ஆண்டு வந்த நாடோடி மன்னனில் நாடோடியும் அவர்தான், மன்னனும் அவர்தான். 1977இல் கோட்டையில் போய் உட்கார்ந்தார். குதிரையில் ஊர் ஊராகத் திரியும் ஒரு வீரனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்த அந்தக் கனவுக்கும் அவருடைய அரசியலுக்கும் தொடர்பே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. நம் நாட்டில் வேடத் தேர்வு அதிகாரத் தேர்வுக்கு ஒத்திகை.

இது வரலாற்று நாவல் என்ற பெயரில் உலவும் மாயக்கதை. நந்தினி கற்பனை, ஆழ்வார்க்கடியான் கற்பனை, பூங்குழலி கற்பனை. அருண்மொழி காய்ச்சலோடு கிடக்கும் நாகப்பட்டினம் சூடாமணி விகாரமே, வரலாற்றின்படி அவன் ராஜராஜனாக முடிசூடிய பிறகு ஸ்ரீவிஜய அரசன் எழுப்பியது. மாயக்கதை என்பதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் மாயம் யாருக்குச் சாதகமாக வேலை செய்கிறது என்று கேட்க வேண்டாமா?

ரவிதாஸனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலம் பறிக்கப்பட்டதைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. கூடவே பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்ற பட்டமும். சோழ அரசில் பதவி வகித்த பிராமண அதிகாரிகள் பெறும் பட்டம் அது. நாவலில் அவன் பாண்டியனின் ஆபத்துதவி, இருட்டில் கூகைபோல் அலறும் மந்திரவாதி. வாசகர் பட்டியலுக்கு வரும்போது கறுத்த, முரட்டு, சடைமுடி வில்லன். படத்தில் கிஷோர். அருமையான நடிகர், குறை அவரிடம் இல்லை. சபையில் இருந்தவன் காட்டுக்கு விரட்டப்பட்டுவிட்டான். கொலைக்கு ஒரு நிறம் கொடுத்தாகிவிட்டது.

நான் நாகூர்க்காரன். கோடிக்கரை, நாகப்பட்டினம், ஆனைமங்கலம் என்று கதையின் முக்கியமான திருப்பங்கள் எங்கள் கரையோரத்தில் நடக்கின்றன. போன வருஷம் தெருப்பையன் ஒருவன் புதுசாக ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்தான். இருபது பாத்திரங்கள்; ராஜா ராணியெல்லாம் மேலே.

"பூங்குழலிக்கு யாருப்பா?"

"அது யாரயாச்சும் போட்டுக்கலாம் நானா. படகு ஓட்டுற பொண்ணுதானே."

அவனைக் கோபித்து என்ன பயன்? பிரதியே அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஆனாலும் நாவல் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை அவன் மறந்துவிட்டான். பூக்கட்டும் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரியவந்து, அவனை மணந்த ஓடக்காரி சோழநாட்டின் அரசியாகிறாள். இதிலும் கல்கியின் தயக்கம் தெரியாமல் இல்லை. அமுதன் ராஜ ரத்தம் என்று நிரூபித்த பிறகுதான் ஓடக்காரிக்குச் சிம்மாசனம். இருந்தாலும் அந்த ஒரு வாசலைத் திறந்து வைத்தார். ஐந்து பாகங்களை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடைத்த படம் இந்த ஆள்மாறாட்டத்தை வெட்டிவிட்டு, அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனுக்கே முடியைக் கொடுத்தது. ஐஸ்வர்யா லக்ஷ்மி அழகாகத் துடுப்புப் போட்டார். அவ்வளவுதான். எதை வெட்டினாலும் கதை ஓடும் என்று முடிவெடுக்கும் இடத்தில் எது வெட்டுப்படுகிறது பாருங்கள்.

நாகப்பட்டினத்தில் கடல் பொங்கி உள்ளே வந்து விகாரத்தை விழுங்கும் பகுதியை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் பழையபடி வாசிக்க முடியாது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தக் காட்சியில் படகோடு வந்து இளவரசனை மீட்பவள் பூங்குழலி. அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ அந்தக் காலையைப் பார்த்துவிட்டு உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு, தண்ணீர் வருகிறது என்றால் கழுத்து எப்படித் திரும்பும் என்று இயக்குநர் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்முடைய கனவுகளில்கூட அவள் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்தான். நானூறு பேரில் ஒருத்தி. காவிரிக் கதைக்குத் தாய்லாந்துக்கும் குவாலியருக்கும் ஓர்ச்சாவுக்கும் போக முடிந்தவர்களுக்கு இந்தக் கரை தூரமாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு, சொல்லாமல் விட்டால் என் தெருவே சிரிக்கும். கதையில் அரபு மாலுமிகள் வருகிறார்கள். முரடர்களாக, புரியாத பாஷை பேசுகிறவர்களாக. அரபுக் கப்பலும் குதிரை வியாபாரமும் இந்தக் கரைக்கு வந்து கலந்ததன் மிச்சம் எங்கள் வீட்டுப் பேச்சிலும் சோற்றிலும் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் அரபு மாலுமிக்கு நடிகர் பெயர் போட்டு நான் பார்த்ததில்லை. தாடி ஒட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள்போல.

ஆக விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் ஆடுகிறேன், கீழிருந்து. முதலில் பூங்குழலியின் அண்ணன் முருகய்யன். அடுத்து அவன் பெண்டாட்டி ராக்கம்மாள். அவளுக்குப் பட்டினச்சேரியில் மீன் ஏலத்தில் ஒரு குரல் கேட்டு வைத்திருக்கிறேன். பிறகு பூங்குழலி: துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கை வேண்டும், சிவப்புத் தோல் தேவையில்லை. பிறகு ஊமைப் பெண்கள் இருவர், விகாரத்துப் பிட்சுக்கள், அரபு மாலுமிகள். ரவிதாஸனுக்கு மட்டும் நல்ல நிறமாக, பூணூலோடு, கச்சேரிக்கு வந்தவர்போல மரியாதையான ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அருண்மொழிவர்மனுக்கு இன்னும் ஆள் தேடவில்லை. அவசரமும் இல்லை.