காலை மறந்த பூப்பந்து

பூப்பந்துக் களத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. சிலாங்கூரின் பத்தாங் காலி, புக்கிட் பெருந்தோங் பக்கத்துத் தாமான்களில் உள்ள வரிசை வீடுகள் பலவற்றின் அகலமும் ஏறக்குறைய அதே 20 அடிதான். அதற்குள் சோபாவும் சாமி மேடையும் இடம் பிடித்து, இரவில் மோட்டார் சைக்கிளையும் உள்ளே ஏற்றிவிட்டால், தொலைக்காட்சிக்கு முன் மிஞ்சுவது ஒரு பாய் விரிக்கும் இடம். அந்தப் பாயளவு இடத்துக்குள் ஒரு களத்தையே கொண்டுவந்து தருவதாகச் சொல்பவைதான் உடலசைவால் இயங்கும் விளையாட்டுக் கருவிகள். அந்தச் சொல்லை மலேசியத் தமிழ் வீட்டில் சோதிக்கப் பூப்பந்தைவிட நல்ல அளவுகோல் கிடையாது. 1971இல் பஞ்ச் குணாளன், இங் பூன் பீயோடு சேர்ந்து ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். 2022இல் ஆரோன் சியா, சோ வூய் யிக் இணை உலக வெற்றியாளரானது. இந்த ஆட்டத்தின் நுணுக்கம் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். போலியை எளிதில் கண்டுபிடித்துவிடும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவிகள் கையை நன்றாக அறிந்திருக்கின்றன, காலை அறியவில்லை. கை மட்டும் போதுமான ஆட்டங்களில் சொன்னதைச் செய்கின்றன. பூப்பந்தில் செய்யவில்லை.

2006 நவம்பரில் நிண்டெண்டோவின் 'வீ' வந்தபோதுதான் இந்த வாக்குறுதி வீடுவீடாகப் போனது. பத்துக் கோடிக்கும் மேல் விற்ற கருவி அது. கையில் பிடிக்கும் கட்டைக்குள் இருந்தது முடுக்கத்தை அளக்கும் ஓர் உணரி. திரையைக் குறிபார்க்க முனையில் ஓர் அகச்சிவப்புக் கேமரா. கை எவ்வளவு திடீரென வேகமெடுத்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது அதற்குத் தெரியும். கை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. பத்து கேவ்ஸிலிருந்து உலு யாம் வரும் வளைவுச் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு காரில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவையும், பிரேக் பிடிப்பதையும் அவர் உடம்பு துல்லியமாகச் சொல்லும். வழியிலுள்ள அணைக்கட்டைத் தாண்டியாயிற்றா என்று கேட்டால் ஊகிக்கத்தான் முடியும். நேரம் ஆக ஆக ஊகமும் பிசகும். 2009இல் 'மோஷன் பிளஸ்' என்ற துணைக் கருவி சுழற்சி உணரியைச் சேர்த்தது. மணிக்கட்டின் திருப்பம் அதன்பின் ஒழுங்காகத் தெரிந்தது. 2017இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஸ்விட்ச்' கருவியின் 'ஜாய்-கான்' கட்டைகளில் முடுக்க உணரியும் சுழற்சி உணரியும் சேர்ந்தே இருக்கின்றன. கண்ணை மூடிய பயணி முன்னைவிடக் கூர்மையாகிவிட்டார். கண் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

2022 ஏப்ரலில் வெளிவந்த 'நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்' தொகுப்பில் பூப்பந்து தனி ஆட்டமாகவே இருக்கிறது. அதன் நல்ல பக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. கையை வீசும் கணத்தைக் கருவி சரியாகப் பிடிக்கிறது. முந்தினாலும் பிந்தினாலும் அடி மாறுகிறது. வலைக்கு அருகே மெதுவாக இறக்க, பொத்தானை அழுத்திக்கொண்டு வீச வேண்டும். ஓங்கி அடித்தால் கட்டை அதிர்கிறது. முதல் அரை மணி நேரம் உண்மையிலேயே இனிமை. குறை அதற்குப் பிறகுதான் புலப்படும். திரையில் உள்ள ஆட்டக்காரர் தானாகவே பந்தை நோக்கி ஓடிவிடுகிறார். எந்த மூலைக்குப் பந்து வந்தாலும் கருவி அவரைக் கொண்டுபோய் நிறுத்தும். நமக்கு மிச்சம் வைப்பது கடைசி வீச்சை மட்டுமே. அசல் களத்தில் நடப்பது வேறு. பின்மூலைக்குப் போன பந்தை எட்ட எத்தனை அடி வைப்பது, எந்தக் காலை முன்னே விடுவது, அடித்துவிட்டு நடுக்களத்துக்கு எப்படித் திரும்புவது என்பதில்தான் பாதிப் புள்ளிகள் முடிவாகின்றன. மலேசிய வீரர் லீ சோங் வெய் ஆடிய காலத்தில் ஊரே வியந்து பார்த்தது அவர் கால்களைத்தான். எதிராளியை ஓடவிட்டுக் களைக்க வைப்பது இந்த ஆட்டத்தின் உயிர். களைப்பே தெரியாத ஓர் உருவத்தை எப்படிக் களைக்க வைப்பது? இன்னொன்றும் உண்டு. இந்தத் தொகுப்பின் பூப்பந்தில் ஒருவருக்கு ஒருவர் மட்டுமே ஆட முடியும். குணாளன் காலத்திலிருந்து இந்த நாட்டுக்குப் பெருமை தேடித்தந்த இரட்டையர் ஆட்டம் இதில் இல்லை. முன்னும் பின்னுமாக இருவர் இடம் மாறிக்கொள்ளும் அந்த அழகு முழுக்கக் காலின் வேலை என்பதால், கை உணரி அதைத் தொடவே முடியாது.

காலையும் பார்க்கும் கருவி ஒன்று வந்ததே என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 'கினெக்ட்' கேமராவை விற்பனைக்கு விட்டது. கையில் எதையும் பிடிக்க வேண்டாம், நீங்களே கருவி என்பதுதான் அதன் விளம்பரம். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று, கின்னஸ் பதிவிலும் ஏறியது. அது உடம்பின் 20 மூட்டுகளைக் கண்டறிந்தது. முழங்காலும் கணுக்காலும் அதில் அடக்கம். நான் தேடும் கண் அதற்கு இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கண் விநாடிக்கு 30 படங்களைத்தான் எடுத்தது. ஓங்கிய கை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஓர் அடிக்கு மேல் கடந்துவிடும். தான் பார்த்ததை அலசித் திரைக்கு அனுப்பவும் நேரம் எடுத்தது. பூப்பந்து இந்தத் தாமதத்தைத் தாங்காது. மலேசியரான தான் பூன் ஹியோங் 2013இல் அடித்த சாதனை அடியின் வேகம் மணிக்கு 493 கிலோமீட்டர். இடப் பிரச்சினை அதைவிடப் பெரியது. கினெக்டுக்கு முன் ஒருவர் ஆட ஆறடியும், இருவர் ஆட எட்டடியும் தள்ளி நிற்க வேண்டும். சோபாவை வாசலுக்குத் தூக்கினால்தான் நம் வரிசை வீட்டில் அது நடக்கும். ஒரு நாள் தூக்குவார்கள், இரண்டாம் நாளும் தூக்குவார்கள், மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். 2017இல் அதன் உற்பத்தியே நின்றுபோனது. காலைப் பார்த்த கருவி மெதுவாக இருந்தது. வேகமான கருவி காலைப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து நம் வீட்டுக் கூடத்தில் பொருத்தும் வழி சந்தைக்கு இன்னும் வரவில்லை என்பதே என் கணிப்பு.

"இது விளையாட்டுப் பொருள்தானே, இதில் போய் லீ சோங் வெய்யின் காலைத் தேடலாமா?" என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் அளப்பது அந்தக் கருவிகள் தாமே சொன்ன சொல்லைக் கொண்டுதான். அந்த மறுப்புக்கு வலுச் சேர்ப்பது அதே தொகுப்பிலுள்ள பௌலிங். பொத்தானை அழுத்திப் பிடித்து, கையைப் பின்னே கொண்டுபோய், முன்னே வீச வேண்டும். மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் உருண்டை வளைந்து போகிறது. பௌலிங்கில் கால் செய்வது நாலைந்து அடி நடை; மற்றதெல்லாம் தோளும் மணிக்கட்டும். அதனால் கருவிக்குத் தெரிந்ததும் ஆட்டத்துக்குத் தேவையானதும் ஒன்றாகிவிடுகின்றன. முழங்கால் வலியுள்ள பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேரப் பிள்ளையைத் தோற்கடிக்க முடியும், அதில் பொய்யும் இராது. பொத்தான் நிறைந்த கருவிகளைக் கண்டு ஒதுங்கியிருந்த தலைமுறையைத் திரைக்கு முன் அழைத்து வந்தது இவ்வகைக் கருவிகளின் பெரிய சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

பெற்றோர் பலர் இதை வாங்க நினைப்பதற்குக் காரணம் வேறு: பிள்ளை உட்கார்ந்தே இருக்கிறான், இதைக் கொடுத்தாலாவது உடம்பை அசைப்பான் என்ற கவலை. கவலை பொய்யல்ல. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆனால் கருவி அந்தக் கவலையைத் தீர்க்குமா? 2007 இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு, 'வீ' ஆடும் பதின்ம வயதினர் உட்கார்ந்து ஆடும் விளையாட்டைவிட அதிக ஆற்றலைச் செலவிடுகிறார்கள், அதே விளையாட்டைத் திடலில் ஆடும் அளவுக்கு இல்லை என்று கண்டது. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் கடுமையானது. பிள்ளைகளுக்கு 'வீ' கொடுத்து, ஒரு பகுதியினருக்கு உடலசைவு ஆட்டங்களையும் மற்றவர்களுக்கு உட்கார்ந்து ஆடுபவற்றையும் தந்து 13 வாரம் கவனித்தார்கள். உடலசைவு ஆட்டம் கிடைத்த பிள்ளைகள் கூடுதலாக இயங்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு காரணத்தை ஊகிக்கலாம். மணிக்கட்டைச் சுண்டினால் போதும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன்பின் முழுக் கையை வீச யாருக்கு அவசியம்? புகைமூட்டத்தால் 2015இலும் 2019இலும் சிலாங்கூரில் பள்ளிகளை மூடிய நாட்களைப் போல வெளியே போக முடியாத வேளைகளில் இது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மழைக்கு ஒதுங்கும் இடம் என்ற அளவில் சரி, திடலுக்கு மாற்றாகாது.

இந்தக் குறை நிண்டெண்டோவுக்கே தெரிந்திருக்கிறது என்பதற்குச் சான்று 2019 அக்டோபரில் வந்த 'ரிங் ஃபிட் அட்வெஞ்சர்'. அதில் ஒரு ஜாய்-கானை வளையத்தில் பொருத்தி, மற்றொன்றைத் தொடையில் பட்டையால் கட்டிக்கொள்கிறோம். நின்ற இடத்தில் ஓடினால்தான் திரையில் உருவம் ஓடும். நின்றால் அதுவும் நின்றுவிடும். ஒரே ஒரு பட்டை காலைக் கணக்கில் கொண்டுவந்துவிட்டது, சுண்டி ஏமாற்றும் வழியும் பெருமளவு அடைபட்டது. அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரருக்குத் தொல்லை தராமல் ஓட்டத்துக்குப் பதில் முழங்காலை மடக்கி எழும் அமைதி முறையும் இருக்கிறது. இவ்வகை ஆட்டத்தை வாங்கிக் காசுக்கு மதிப்புத் தேடும் குடும்பத்துக்கு நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் பெட்டியிலும் காலில் கட்டும் பட்டை வருகிறது. அது காற்பந்துக்கு மட்டும். பூப்பந்துக்கு அதைப் பயன்படுத்தாமல் விட்டது கைநழுவவிட்ட வாய்ப்பு.

கடைக்குப் போகுமுன் சில செய்திகள். புதிய ஸ்விட்ச் இங்கே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் அது பெரும்பங்கு. மலிவாக இருக்கிறதே என்று 'ஸ்விட்ச் லைட்' வாங்கிவிடாதீர்கள். அதன் கட்டைகளைக் கழற்ற முடியாது, தொலைக்காட்சியோடும் இணைக்க முடியாது. இங்கே பேசிய எதையும் ஆட ஜாய்-கான் இணையைத் தனியே வாங்க வேண்டியிருக்கும், வாங்கியும் அந்தச் சின்னத் திரையில்தான் ஆட வேண்டும். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இன் கட்டைகள் ரிங் ஃபிட் வளையத்தில் பொருந்தா. பழைய ஜாய்-கான்களே தேவை. தொலைக்காட்சியில் 'கேம் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள், வீச்சுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் குறையும். மணிக்கட்டுக் கயிற்றை ஒவ்வொரு முறையும் மாட்டுங்கள்: 'வீ' வந்த அடுத்த மாதமே 32 லட்சம் கயிறுகளைத் தடித்த கயிறாக மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் கூடத்தில் கட்டை கைநழுவினால் ஒரு பக்கம் தொலைக்காட்சி, மறுபக்கம் சாமி விளக்கு.