செவிக்கு மேலே முள்

வேலியில் தலையை ஆட்டும் ஆண் ஓணானின் அழகு அதன் சிவந்த தொண்டையில்தான் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் சண்டை ஓய்ந்ததும் அந்தச் சிவப்பு வடிந்து, சருகு நிறத்தில் ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருக்கும். மாறாத அடையாளம் செவிப்பறைக்கு மேலே இருக்கிறது. ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு குட்டி முட்கொத்துகள் அவை. பச்சை ஓணானுக்கு அதே இடத்தில் எட்டு ஒன்பது முட்கள் சீப்புப் பல்லாக வரிசை கட்டியிருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால் வேலி ஓணானின் விலாவையும் பாருங்கள். செதில் ஒவ்வொன்றின் நுனியும் பின்பக்கமாக, மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். சாய்வெயிலில் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஒழுங்கின் சுகம் தெரியும்.

மணல் தரையில் பின்னங்கால்களை மட்டும் ஊன்றி ஓடும் விசிறித்தொண்டை ஓணானிடம் எனக்குப் பிடித்தது விசிறியல்ல, பாதம். பின்னங்காலில் நான்கே விரல்கள். ஐந்தாவது இல்லவே இல்லை. 1829இல் விலங்கியலாளர் குவியர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது பாண்டிச்சேரியை அதில் சேர்த்துவிட்டார். 2016இல் இதன் தமிழ்நாட்டு உறவினர்கள் இரண்டு தனி இனங்களாயின. ஒன்றின் பெயரில் நம் பனைவிசிறி, மற்றதில் மருதமும் நெய்தலும். தொண்டை விசிறி எவ்வளவு தூரம் வயிற்றுப்பக்கம் நீள்கிறது என்பதுகூட இனம் பிரிக்க உதவுகிறது.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்களில் ஏற்றப்படும் ஓணான் படங்களில் பின்புலம் மங்கி, முகம் மட்டும் பளிச்சிடுபவற்றுக்குத்தான் பாராட்டு குவிகிறது. சுமாரான படமானாலும் தலையின் பக்கவாட்டும் விலாச் செதிலும் பின்னங்கால் விரல்களும் தெரிந்தால் என் ஓட்டு அதற்கே. (சுருக்குப் போட்டுப் பிடித்து எடுத்த படத்துக்கு அல்ல.) கூடவே தேதி, இடம், அது உட்கார்ந்திருந்தது பாறையா, முள்வேலியா, வெறுந்தரையா என்று ஒரு வரி.

அதிலும் இடம் முக்கியம். ஈரான் பக்கம் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட வேலி ஓணானை 2021இல் ஓர் ஆய்வு பல இனங்களாகப் பிரித்தது. பழைய பெயர் தென்னிந்தியப் பக்கத்து ஓணானுக்கு நின்றது. இடம் குறித்து வைத்திருந்த பழைய படங்களை எடுத்துப் புதிய பெயருக்குக் கீழே நகர்த்த வழி உண்டு. வெறுமனே ‘ஓணான், இந்தியா’ என்று எழுதியவை எங்கும் போக முடியாமல் நிற்கின்றன.