441/8 என்னும் அழகு

ஒரு தாளில் நான்கு புள்ளிகளை வரிசையாக வையுங்கள். அடுத்தடுத்த புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றை இணையுங்கள். கடைசியில் இரு முனைகளையும் சேர்த்துவிடுங்கள். ஆறு கோடுகள் கிடைக்கும். துகள் இயற்பியலில் இது மூன்று வளைய ஃபைன்மன் வரைபடம். துகள்கள் சிதறும்போது நுண்ணளவில் நடக்கக்கூடியவற்றுள் ஒரு வகையைக் குறிப்பது.

வரைபடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆறு கோடுகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழிகள். அவற்றில் நான்கு முக்கோணமாக மூடிக்கொள்ளும், அவற்றைத் தள்ளுங்கள். மிஞ்சும் 16-இல் ஒவ்வொன்றும் எல்லாப் புள்ளிகளையும் இணைக்கும் ஒரு மரம். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மாறியை வைத்தால், எந்த மரமும் தான் விட்டுவைத்த மூன்று கோடுகளின் மாறிகளைப் பெருக்கித் தரும். அந்தப் பதினாறையும் கூட்டினால் ஒரு பல்லுறுப்புக்கோவை. மின்சுற்றுகளுக்காக 1847-இல் கிர்க்காஃப் கண்ட வழி இது. எல்லாக் கெழுவும் 1 தான். இதன் வர்க்கத்தைப் பகுதியில் வைத்துத் தொகையிட்டால் விடை 6 ஸீட்டா(3).

ஸீட்டா(3) என்பது 1 + 1/8 + 1/27 + 1/64 என்று முப்படிகளின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டே போவது, 1.2020569 என்று தொடங்குகிறது. எண் கோட்பாட்டுக்காரர்களின் செல்ல எண். வெறும் ஒன்றுகளை மட்டும் கொண்ட கோவைக்குள் இது எப்படிப் புகுந்தது? காகித விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கான 1957-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே இதன் முக்கால் மடங்கு வந்து நிற்கிறது.

புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனால் வரைபடம் கோணல்மாணலாக நீளும். நான்கு வளையத்துக்கு 20 ஸீட்டா(5). ஐந்துக்கு 441/8 ஸீட்டா(7). 1980-களில் சோவியத் இயற்பியலாளர் திமித்ரி கஸகோவ் நுட்பமான வழியில் பெற்ற விடை. ஆறுக்கு 168 ஸீட்டா(9). 6, 20, 441/8, 168: இடையில் இந்த ஒரு பின்னம் மட்டும் ஏன் இப்படித் துருத்துகிறது?

இங்கிலாந்தின் ஓப்பன் யூனிவர்சிட்டியில் பணியாற்றிய டேவிட் பிராட்ஹர்ஸ்ட், டிர்க் கிரைமருடன் சேர்ந்து 1995-இல் முன்வைத்த சூத்திரத்தைப் பார்த்தால் புரியும். எனக்கு மிகப் பிடித்தது இந்த இடம்தான். நாற்கரத்தைக் குறுக்குக்கோடுகளால் முக்கோணங்களாகப் பிரிக்க 2 வழிகள், ஐங்கோணத்துக்கு 5, அறுகோணத்துக்கு 14, எழுகோணத்துக்கு 42. கேட்டலன் எண்கள் எனப்படும் இவற்றை நான்கால் பெருக்குங்கள்: 8, 20, 56, 168. இரட்டைப்படை வளையங்களுக்கு இதுவே விடை. ஒற்றைப்படையில் மட்டும் தட்டானின் அரம் பட்டதுபோல் கொஞ்சம் குறையும். மூன்றில் கால் பங்கு போய் 8 என்பது 6 ஆகிறது. ஐந்தில் 64-இல் ஒரு பங்கு போய் 56 என்பது 441/8 ஆகிறது. ஏழு வளையத்தில் 1024-இல் ஒரு பங்குதான். ஆக, பின்னமாக நின்ற 441/8 விதிவிலக்கே அல்ல. முழு எண்ணாகத் தோன்றும் 6-தான் தன் தேய்மானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது! (441 என்பது 21-இன் வர்க்கம். அதில் பொருள் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.)

இவ்விருவரும் இந்த எண்களை முடிச்சுகளோடும் இணைத்துப் பார்த்தார்கள்: ஸீட்டா(3)-க்கு மூவிலை முடிச்சு என்று வரிசையாக. ஆறு வளையத்தின் வேறொரு வரைபடத்தில் 3, 5 என்ற இரு படிகள் பின்னிய இரட்டைக் கூட்டல் வந்தபோது, அதற்கும் ஒரு முடிச்சு இருந்தது. கவர்ச்சியான எண்ணம்தான், ஆனாலும் என் ஓட்டு சூத்திரத்துக்கே.

சூத்திரத்துக்கு நிறுவல் வரப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 2012-இல் ஃபிரான்சிஸ் பிரவுனும் ஆலிவர் ஷ்னெட்ஸும் அதை நிறுவினார்கள். இந்த வரைபடங்களைத் தரும் அதே இயற்பியல் கோட்பாட்டின் எட்டு வளைய வரைபடம் ஒன்றுக்குள் கே3 என்ற வடிவியல் பரப்பு ஒளிந்திருப்பதைக் காட்டியவர்களும் இவர்களே; எல்லா வரைபடங்களும் இவ்வளவு சாதுவாக அடங்கிவிடும் என்ற நம்பிக்கை அதோடு கலைந்தது. அந்த வரைபடக் காட்டில் முடிவின்றி நீளும் ஒரு வரிசைக்கு, 2012 நிலவரப்படி முழு விடை தெரிந்தது இந்தக் கோணல் வரைபடங்களுக்கு மட்டுமே.

எண் கோட்பாட்டின் பக்கம் கணக்கு இன்னும் பாக்கி. ஸீட்டா(3) விகிதமுறா எண் என்று 1978-இல் அப்பேரி நிறுவினார். ஸீட்டா(5), (7), (9), (11) ஆகிய நான்கில் ஒன்றாவது விகிதமுறாதது என்று 2001-இல் ஜூதிலின் காட்டினார். எது அந்த ஒன்று என்று இன்னும் யாருக்கும் தெரியாது.