அணைந்த தீவட்டியும் அழகிய உருவமும்

மானரிசம் என வழங்கும் 16ஆம் நூற்றாண்டு ஓவியப் பாணியின்மீது ஒரு குறை பொதுவாகச் சாட்டப்படுகிறது. நீண்ட கழுத்து, மெலிந்த விரல், நெளிந்த இடை ஆகியவற்றின் அழகில் மயங்கி அது கருத்தைத் தொலைத்துவிட்டது என்பதே அக்குறை. பார்மிஜானினோ வரைந்த புத்தியுள்ள, புத்தியில்லாத கன்னிகைகளைக் கொண்டு (மத். 25:1-13) இதனைச் சோதித்துப் பார்ப்பது தகும்.

பார்மா நகரின் ஸ்டெக்காத்தா ஆலயத்து வளைகூரையில் ஓவியம் தீட்ட அவர் 1531இல் ஒப்பந்தம் செய்தார். அவ்வாலயத்துக்குரிய சகோதர சங்கம் ஏழைக் கன்னியருக்குச் சீதனம் அளித்துவந்தது. ஆகவே பொருள் பொருத்தமானதே. பதினெட்டு மாதத்தில் முடியவேண்டிய வேலை எட்டாண்டாகியும் முடியவில்லை. 1539இல் சிறைப்பட்டார், பின்பு ஊரைவிட்டகன்று 1540இல் 37ஆம் வயதில் மரித்தார். ரசவாத மோகமே அவரைக் கெடுத்தது என்றார் வசாரி. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், லூவ்ர் முதலிய இடங்களில் உள்ள வரைவுத் தாள்களோ, ஒரே உருவத்தை ஓயாது திருத்தியவரின் உழைப்பைக் காட்டுகின்றன. சோம்பேறியின் தாள்கள் அல்ல அவை.

கூரையின் ஒரு பக்கத்தில் மூவர் புத்தியுள்ளோர்; எதிர்ப்பக்கத்தில் மூவர் புத்தியில்லாதோர். இரு சாராரும் ஒரே அழகினர். தலையில் ஒரேவிதமாகக் குடம் தாங்குவோர். வேறுபாடு தீவட்டியில் மட்டுமே: இங்கே எரிகிறது, அங்கே அணைந்திருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தின் சிற்பியோ புத்தியில்லாதவளைச் சோதனைக்காரனருகே இளித்து நிற்கச் செய்தான். நம் பிரசங்கங்களும் பெரும்பாலும் அச்சிற்பியின் வழியே செல்கின்றன. அவளை முதல் வாக்கியத்திலேயே ஒழுக்கங்கெட்டவளாக்கிவிடுகிறோம். வேதபாகம் அவ்வாறு கூறவில்லை. பதின்மரும் கன்னிகைகள், பதின்மரும் தீவட்டியுடன் புறப்பட்டனர், பதின்மரும் உறங்கினர். நடுராத்திரிவரை எவர் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. இவ்விடத்தில் மானரிச ஓவியர் வேதபாகத்துக்கு நம்மைவிட நெருங்கி நிற்கிறார் என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் சாட்டப்பட்ட குறை முற்றும் பொய்யன்று. ஐவரை மூவராக்கியது பெரிதல்ல. இரு சாராரையும் எதிரெதிரே சமமாக நிறுத்தியதில்தான் இழப்பு நேர்ந்தது. உவமை ஓடிக்கொண்டிருக்கிறது, மணவாளன் வருகிறார், சிலர் உட்பிரவேசிக்கின்றனர், சிலர் வெளியே நின்று கூப்பிடுகின்றனர். ஓவியத்திலோ, எரியும் விளக்கும் அணைந்த விளக்கும் பொற்பூக்களுக்கிடையே இரு அலங்காரங்களாக என்றென்றும் ஒன்றையொன்று நோக்கியிருக்கின்றன. பழி நீண்ட கழுத்தின்மீதன்று, அந்தச் சமநிலையின்மீதே விழவேண்டும். அடைக்கப்பட்ட கதவு அக்கூரையில் எங்குமில்லை.