இருளினுங் கொடிய இருள்

ஆணவம் என்னுஞ் சொற்குச் செருக்கு எனப் பொருள் கூறி அமைவார் பலர். அது பொருந்தாது, செருக்கு அதன் காரியங்களுள் ஒன்றேயாம். செருக்கே ஆணவமெனின், பணிவுடையார்க்கு அஃதில்லை என்று பட்டு வழுவாகும். உமாபதி சிவனார் திருவருட்பயனில் இருண்மலநிலை என்னும் அதிகாரத்து உணர்த்தியது யாதெனின், புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையுங் காட்டாது நிற்கும் என்பதாம். செருக்குடையானைப் பிறர் அறிவர். மறைப்புண்டானோ அம்மறைப்பினைத் தானும் அறியான்.

இதற்கு நூலுள் மட்டுமன்றி ஊரினுஞ் சான்றுண்டு. 2017 சனவரி 28-ஆம் நாள் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தின் அயலே கப்பல்கள் இரண்டு மோதின. எண்ணெய்க் கசிவால் மாசு நேர்ந்திலது எனத் துறைமுகத்தார் முதற்கண் அறிவித்தனர். சாத்தாங்காட்டிற்கு அணித்தாய எர்ணாவூர்க் கரையிலோ அலைகள் கரிய எண்ணெய்ச் சேற்றைக் கொணர்ந்து குவித்தன. ஆட்கள் அதனை வாளிகளால் நாட்கணக்கில் அள்ளினர்.

அற்றேல், உயிரைப் பற்றிய மலம் கூட்டத்தார்க்கு எங்ஙனம் பொருந்துமெனின், கூறுதும். மலம் ஒன்றே, அதன் சத்திகள் உயிர்தோறும் வேறாம் என்பது நம் நூற்றுணிபு. ஆகலின் கூட்டத்தின் மறுப்பென்பது தனித்ததொரு பொருளன்று. மறுத்தவர், மறுப்பினை ஆராயாது நம்பியவர், கரையிற் படிந்ததைக் கண்டும் வாளாவிருந்தவர் ஆகிய ஒவ்வொருவர் மறைப்பும் ஒருங்கு கூடியதே அது.

உண்மையைக் கூறாதாரை வினாவுதல் கடனே. ஆயினும் அவரை மட்டும் பழித்து அமைதல் அவ்விருளின் பிறிதொரு வடிவேயாம். ‘யான் காண விரும்பாதது யாது?’ என ஒவ்வொருவருந் தம்மை வினாவுதலே அந்நூற்பொருள் நமக்குப் பயன்படுமாறு என்க.