பன்னாட்டு: ஒரே சொல், ரெண்டு திசை

போன வாரம் குடவாசல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "தம்பி, பன்னாட்டுக் கம்பெனிங்கிறான், பன்னாட்டுப் படைங்கிறான். ரெண்டும் ஒரே ஆளுங்களா?" சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் வந்து யோசித்தால், கேள்வி சரியாகத்தான் இருக்கிறது.

பன்னாட்டு நிறுவனம் என்றால் தலைமையகம் ஒரு நாட்டில், தொழில் பல நாடுகளில். பன்னாட்டுப் படை என்றால் பல நாட்டுச் சிப்பாய்கள் ஒரே தலைமையின் கீழ் ஓரிடத்தில். ஒன்று இங்கிருந்து பரவுவது. மற்றது பல பக்கமிருந்து வந்து குவிவது. திசை நேர் எதிர். போதாததற்கு 'இன்டர்நேஷனல்' என்பதற்கும் இதே சொல்லைத்தான் போடுகிறோம்: பன்னாட்டு விமான நிலையம், பன்னாட்டு நீதிமன்றம்.

குழம்பினால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஈராக்கைப் பாருங்கள். 2004 மே மாதம் அங்கிருந்த படைக்கு 'பன்னாட்டுப் படை' என்று பெயர் வைத்தார்கள். 2009 ஜூலை முடிவதற்குள் அதிலிருந்த மற்ற நாடுகள் எல்லாம் கிளம்பிவிட்டன. மிச்சம் அமெரிக்கா மட்டும். ஆனாலும் டிசம்பர் 31 வரை பெயர் பன்னாட்டுதான்!

நம்ம டெல்டாவில் தவறு வேறு மாதிரி. மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை 'பன்னாட்டுக் கம்பெனி வருது' என்று பேசியவர்களில் நானும் ஒருவன். எடுத்திருந்த கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி ஓர் இந்திய நிறுவனம். 2010-இல் ஒப்பந்தம் போட்டது மத்திய அரசு. 2011 தொடக்கத்தில் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மாநில அரசு. 2015-இல் தடை செய்ததும் மாநில அரசுதான். எதிர்ப்பு நியாயம், சொல்தான் தப்பு. எங்கேயோ இருக்கும் 'பன்னாட்டை'த் திட்டும்போது, இங்கே கையெழுத்துப் போட்டவர்கள் சத்தமில்லாமல் தப்பிவிடுகிறார்கள். இன்னொரு வேடிக்கை: ஓஎன்ஜிசியை நாம் அரசுக் கம்பெனி என்கிறோம். அதன் துணை நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷ் போய் வேலை செய்யும் வியட்நாமில், அங்குள்ளவர்களுக்கு நாம்தான் பன்னாட்டு.

சரி, பெரியவர் கேட்ட மாதிரி ரெண்டும் ஒரே ஆளாக இருந்தது உண்டா? உண்டு. தூரமில்லை, நாகப்பட்டினத்தில்தான். 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து அந்த ஊரைப் பிடித்தது டச்சு அரசு அல்ல, 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. கோட்டை கட்டவும் படை வைக்கவும் ஒப்பந்தம் போடவும் அதற்கு அதிகாரம் இருந்தது. அதன் சிப்பாய்களில் ஜெர்மானியர் உட்படப் பல நாட்டார். அதாவது பன்னாட்டு நிறுவனத்திடமே ஒரு பன்னாட்டுப் படை. உத்தரவு மட்டும் ஹாலந்தில் இருந்த 17 இயக்குநர்களிடமிருந்து.

ஆகவே இந்தச் சொல் கண்ணில் படும்போது எத்தனை நாடு என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். உத்தரவு எங்கேயிருந்து வருது, கையெழுத்து யாரோடது என்று பார்க்கிறேன். பெரியவரை அடுத்த முறை பார்த்தால் இதைச் சொல்ல வேண்டும். டீக்காசும் நான்தான் கொடுக்கணும்.