யாருடைய காடு, யாருக்கு ஈடு?

அறிக்கை என்பதும் ஓர் உரைநடை வடிவமே. அதற்கும் கதைத்தலைவன் உண்டு, எதிர்த்தலைவன் உண்டு, பேசாப் பாத்திரங்களும் உண்டு. அண்மைக் காலத்தில் பெருகிவரும் காட்டுக் காபன் திட்ட அறிக்கைகளை நாம் இவ்வாறே படித்தல் வேண்டும். தொலைதேசத்து ஆலையோ விமானக் கம்பனியோ தன் புகையைக் குறைப்பதற்குப் பதிலாக, எங்கோ ஒரு காடு தேக்கிவைக்கும் காபனுக்குத் தொன் கணக்கில் விலை கொடுக்கின்றது. இதற்கு 'ஈடு' என்று பெயர். நம் மொழியில் ஈடு என்பது இழப்புக்குச் செய்யும் நிகரையும் குறிக்கும். கடனுக்கு வைக்கும் அடமானத்தையும் குறிக்கும். இவ்விரண்டில் எப்பொருளில் நம் காடுகள் கொள்ளப்படுகின்றன என்பதே கேள்வி.

முதலில் நம்பகத்தன்மையை நோக்குவோம். திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்ற கற்பனைக் கணக்கின் மீதே இவ்வணிகம் நிற்கின்றது. அழிவைப் பெரிதாகக் கற்பித்தால் விற்பனையும் பெரிதாகும். ஆகவே மிகைப்படுத்தும் ஆசை இம்முறையின் உள்ளேயே இருக்கின்றது. ஆறு நாடுகளில் 26 திட்டத் தளங்களை ஆராய்ந்து 2023இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான கட்டுரை, அவற்றுள் 18 திட்டங்கள் எதிர்பார்த்த வரவுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறே உண்மையான காபன் குறைப்பைச் சார்ந்தவை என்று கண்டது. ஆலைப் புகையோ கற்பனையன்று, அது வானேறிவிட்டது.

நம் நாட்டின் அனுபவமும் இதனையே போதிக்கின்றது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்டல் நடுகை ஒரு திருவிழாவாயிற்று. இலங்கையின் 23 நடுகைத் தளங்களைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வின்படி, நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டயரில் தேறியது 200 முதல் 220 ஹெக்டயர் மட்டுமே. ஒன்பது தளங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. நீர்மட்டமும் மண்ணும் பாராமல் பொருந்தாத இடங்களில் நட்டதும், நட்டபின் பேணாததும் காரணங்கள். நட்ட கன்றை எண்ணிப் படம் பிடித்தவர்கள் வளர்ந்த மரத்தை எண்ண வரவில்லை.

இரண்டாவது, நீதி. திட்ட அறிக்கைகளில் கிராமத்தவர் விறகு வெட்டுபவராக, சேனை எரிப்பவராக, 'அச்சுறுத்தல்' என்ற தலைப்பின் கீழ் தோன்றுகின்றனர். பின்னர் 'பயன்பெறுநர்' ஆகின்றனர். உரிமையாளராக அவர்கள் எந்த அத்தியாயத்திலும் வருவதில்லை. இது எழுத்தாளரின் கவனக்குறைவன்று, வரலாற்றின் தொடர்ச்சி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று அனுமானித்தது. தலைமுறைகளாகச் சேனை செய்தவன் ஒரே நாளில் அத்துமீறியவனானான். கோப்பித் தோட்டத்துக்கு நிலம் கிடைத்தது.

அந்த அனுமானம் இன்னும் உயிரோடிருக்கின்றது. வடக்கிலும் கிழக்கிலும் போரினால் இடம்பெயர்ந்தோர் மீண்டபோது, காடு மண்டிய தம் மேட்டுநிலங்களில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்களைக் கண்டதாகப் பல ஊர்களில் முறையிட்டனர். எஞ்சிய காடுகளை அத்திணைக்களத்தின் பொறுப்பில் வைத்த 2001ஆம் ஆண்டின் சுற்றறிக்கை 2020இல் விலக்கப்பட்டது. காணியின் அதிகாரம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போயிற்று. ஊருக்கு வரவில்லை. இந்நிலையில், நாளை கப்பல்துறையின் காட்டிலோ தம்பலகாமம் குடாவின் கண்டலிலோ ஒரு காபன் ஒப்பந்தம் எழுதப்படுமாயின் கையொப்பம் யாருடையது? விறகுக்கும் தேனுக்கும் இறாலுக்கும் அக்காட்டையும் கரையையும் நம்பியிருப்பவர்களைக் கேளாமலே முப்பது ஆண்டுகள் விற்கப்படலாம். கம்போடியாவின் தெற்குக் கார்டமம் திட்டம், அங்கு வாழும் சொங் மக்களைக் கலந்தாலோசியாமலே ஈராண்டுக்கு மேல் நடந்ததென்று 2024இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை கற்பனையன்று.

அவ்வாறாயின் முற்றாக மறுப்பதே முற்போக்காகுமா? அது எளிய வழி. கென்யாவின் காசிக் குடாவில் 117 ஹெக்டயர் கண்டலை ஊரவரே பேணி, 2013 முதல் காபன் வரவுகளை விற்கின்றனர். பணம் தண்ணீருக்கா, பள்ளிக்கூடத்துக்கா என்பதை ஊரே தீர்மானிக்கின்றது. சிறிய முயற்சிதான், எனினும் கணக்கு சிறியதாகவும் கண்ணுக்கெதிரிலும் இருப்பதே அதன் பலம்.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. ஒப்பந்தத்துக்கு முன் காணியுரிமை தீர்க்கப்படல் வேண்டும். அடிப்படைக் கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் ஊரின் முன் வைக்கப்படல் வேண்டும். விற்ற விலையும் இடைத்தரகர் பங்கும் மறைக்கப்படலாகாது. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை, ஒப்பமிட்ட பின்னும் உயிர்வாழ வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வாங்குபவன் முதலில் தன் புகையைக் குறைத்தல் வேண்டும். குறைக்காதவனுக்கு நாம் விற்பது காற்றையன்று, அவன் தாமதத்தை.

இந்நிபந்தனைகள் நிறைவேறும் இடத்தில் ஈடு என்பது நிகராகும். நிறைவேறாத இடத்தில் அது அடமானமே. மீட்க வேண்டிய கடனாளியோ கடன் வாங்கியவன் அல்லன். மாணவர்களும் ஆசிரியர்களும் இத்திட்ட அறிக்கைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்து வரிவரியாகப் படிக்கவேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் எங்கே என்று கேட்கப் பழகிய தலைமுறை, ஊரின் பெயரில் பிறர் கையொப்பமிட இடங்கொடாது.